அரண்மனை எரிந்த பிறகு ஊர் என்ன செய்தது?

கிரேக்கம்னு சொன்னாலே நமக்கு வெள்ளைத் தூண்கள், சாக்ரடீஸ், ஜனநாயகம்னு ஒரு வரிசை ஞாபகத்துக்கு வரும். இன்னைக்கு நான் பேசப்போறது அதெல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி நடந்த கதை. ஒரு பெரிய அமைப்பு நொறுங்கி விழுந்து, எழுத்துகூட மறந்துபோய், அதுக்கப்புறம் நானூறு, ஐந்நூறு வருஷத்தில் மனுஷங்க திரும்பவும் ஊராகச் சேர்ந்த கதை.

பைலோஸிலிருந்து ஆரம்பிக்கலாம். கிரேக்கத்தின் தென்மேற்கு மூலை. 1939 ஏப்ரலில் கார்ல் பிளேகன் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் அங்கே ஒரு மேட்டில் தோண்ட ஆரம்பித்தார். முதல் நாளே களிமண் பலகைகள் கிடைத்தன. அரண்மனை வாசலை ஒட்டிய இரண்டு சின்ன அறைகள்தான் அந்த அரசின் கணக்குப்பிள்ளைகள் உட்கார்ந்த இடம். அந்தப் பலகைகளைச் சுடும் வழக்கம் கிடையாது. ஈரக் களிமண்ணில் கீறி, காயவைத்து, வேலை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆனால் கி.மு. 1180-ஐ ஒட்டி அந்த அரண்மனை தீப்பிடித்து எரிந்தது. எரிந்த சூட்டில் பலகைகள் செங்கல் மாதிரி வெந்து கெட்டிப்பட்டுவிட்டன. அரசை முடித்து வைத்த அதே தீதான் அதன் கடைசி வருஷக் கணக்கை நமக்காகப் பத்திரமாக வைத்தது.

அதைப் படிக்க இன்னும் 13 வருஷம் ஆனது. எழுத்துக்குப் பெயர் லீனியர் பி. ஆலிஸ் கோபர் என்ற அறிஞர் போட்டு வைத்திருந்த அடித்தளத்தின் மேல் வேலை செய்து, மைக்கேல் வென்ட்ரிஸ் அதன் பூட்டைத் திறந்தார். அவர் பேராசிரியர் கிடையாது, கட்டடக் கலைஞர். 1952 ஜூலை 1-ஆம் தேதி பிபிசி வானொலியில் பேசும்போது, இது கிரேக்க மொழிதான்னு அறிவிச்சார். நம்மள மாதிரி ஆடியோக்காரங்களுக்கு இதுல ஒரு சின்னப் பெருமை உண்டு, விடுங்க.

அந்தப் பலகைகளில் கவிதை இல்லை, கடவுள் கதை இல்லை. எல்லாம் கணக்கு. எத்தனை ஆடு, எவ்வளவு எண்ணெய், யார் எவ்வளவு பாக்கி. ஒரு தொகுதியில் கடற்கரையைக் காவல் காக்க சுமார் 800 பேரைப் பத்துப் பிரிவாக நிறுத்திய பட்டியல் இருக்கிறது. இன்னொன்றில் கொல்லர்களுக்கு வெண்கலம் பங்கிட்டுக் கொடுத்த கணக்கு. அதில் நிறையப் பேருக்கு "இந்த முறை பங்கு இல்லை" என்று குறிப்பு. என்னை ரொம்ப நேரம் நிறுத்தி வைத்தது வேறொரு பட்டியல். சுமார் 750 பெண்கள். மாவு அரைப்பவர்கள், சணல்நார் வேலை செய்பவர்கள், நெசவுக்காரிகள். ஆளுக்கு எவ்வளவு கோதுமை, எவ்வளவு அத்திப்பழம், கூட எத்தனை குழந்தைகள். சில குழுக்களுக்குப் பெயரே ஊர்ப்பெயர்தான்: மிலீட்டஸ்காரிகள், நைடோஸ்காரிகள், லெம்னோஸ்காரிகள். எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். அவர்களாக வேலை தேடி வந்தவர்கள் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. இந்தப் பெண்களைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

இந்த அமைப்பின் உச்சியில் 'வானாக்ஸ்' என்று ஒருவர். அரசர். மைசீனி, டிரின்ஸ், தீப்ஸ் என ஒவ்வொரு இடத்திலும் இதே மாதிரி அரண்மனை, இதே எழுத்து, இதே கணக்கு. கி.மு. 1200-லிருந்து கொஞ்ச காலத்துக்குள் இவை எல்லாம் விழுந்தன. கிரேக்கம் மட்டும் இல்லை. ஹிட்டைட் தலைநகர் ஹட்டூசா கைவிடப்பட்டது, சிரியக் கரையில் உகாரிட் எரிந்தது, எகிப்தில் மூன்றாம் ராம்செஸ் கடலிலிருந்து வந்தவர்களைத் தோற்கடித்ததாகத் தன் கோயில் சுவரில் செதுக்கி வைத்தார்.

காரணம் என்ன? பூகம்பம், வறட்சி, கடல் கொள்ளையர், உள்ளூர்க் கலகம், வணிகம் அறுந்தது. இந்த ஐந்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிற புத்தகங்கள் ஏராளம். எனக்கு அதில் பெரிய ஆர்வம் கிடையாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். துருக்கிக் கரையில் உலுபுரூன் என்ற இடத்தில் கி.மு. 1300-ஐ ஒட்டி மூழ்கிய ஒரு கப்பல் கிடைத்தது. அதில் பத்து டன் செம்பு, ஒரு டன் தகரம். வெண்கலம் செய்யக் கிட்டத்தட்ட அதே விகிதம்தான் தேவை. செம்பு சைப்ரஸிலிருந்து வரணும், தகரம் அதைவிடத் தூரத்திலிருந்து வரணும். வழியில் எங்கே ஒரு கண்ணி அறுந்தாலும் பைலோஸ் கொல்லன் கையைக் கட்டிக்கிட்டு உட்கார வேண்டியதுதான். அந்த "பங்கு இல்லை" குறிப்பைத் திரும்ப நினைச்சுப் பாருங்க.

ஒரே ராத்திரியில் எல்லாம் இருட்டாகிவிடவும் இல்லை. டிரின்ஸில் அரண்மனை போன பிறகு கீழ்நகரம் உண்மையில் பெரிதானது. பழைய அரசவை மண்டபத்தின் இடிபாட்டுக்குள்ளேயே சின்னதாக இன்னொரு மண்டபம் கட்டிப் பார்த்தார்கள். பழைய நாற்காலியில் உட்கார யாரோ முயற்சி செய்தார்கள் என்று அர்த்தம். கொஞ்ச காலம்தான் ஓடியது. அடுத்த நூறு வருஷத்தில் மக்கள் வாழ்ந்த இடங்களின் எண்ணிக்கை சரசரவென்று குறைந்தது. கல் மாளிகைகள் நின்றுபோயின. எழுத்து செத்தது. அந்த எழுத்துக்கு ஒரே ஒரு முதலாளிதான், அரண்மனை. நம்ம பாஷையில் சொன்னா, கம்பெனி மூடினதும் அந்த சாஃப்ட்வேர் தெரிஞ்ச ஆளுக்கு வேற எங்கேயும் வேலை இல்லை. கடிதமோ பாட்டோ எழுத அதை யாரும் பயன்படுத்தவில்லை, அதனால் மகனுக்குச் சொல்லித்தர ஒரு காரணமும் இல்லை.

பயம் எப்படி இருந்தது என்று பார்க்கணும்னா கிரீட் தீவின் கிழக்கே கார்ஃபி என்ற மலைமுடிக்குப் போகணும். கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் பனி, காற்று தாங்க முடியாது. 1930-களின் கடைசியில் ஜான் பெண்டில்பரி அங்கே தோண்டியபோது ஒரு முழு ஊரே கிடைத்தது. சுவரோடு சுவர் ஒட்டிய கல்வீடுகள், தளம் போட்ட தெருக்கள், கையைத் தூக்கி நிற்கும் களிமண் பெண்தெய்வங்கள் வைத்த ஒரு கோயில். அரண்மனை மட்டும் இல்லை. அவ்வளவு உயரத்துக்கு யாரும் காற்று வாங்கப் போவதில்லை. கீழே இருப்பது ஆபத்து என்பதால்தான் போயிருப்பார்கள். ஆனாலும், தெருவுக்குக் கல் பாவினார்கள். அதற்கு நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

இப்போ திரும்ப பைலோஸ் பலகைக்கு வர்றேன், ஏன்னா இந்தக் கதையோட சாவி அங்கேதான் இருக்கு. எரித்தா என்று ஒரு பூசாரிப் பெண். ஒரு நிலத்தை வைத்துக்கொண்டு, இது தெய்வத்துக்கான நிலம், எனக்குத் தனிச் சலுகை உண்டு என்கிறாள். எதிர்த்தரப்பு, இல்லை, அது சாதாரணக் குத்தகை நிலம்தான் என்கிறது. எதிர்த்தரப்பு யார் தெரியுமா? 'டாமோ'. டாமோஸ். அதாவது ஊர். நிலம் வைத்திருக்கும் ஊரார். அரண்மனையின் கணக்குப்பிள்ளை இரண்டு வாதத்தையும் எழுதி வைத்திருக்கிறார். தீர்ப்பு அதில் இல்லை. அந்த டாமோஸ் என்ற சொல்தான் பின்னால் 'டெமோஸ்' ஆகி, ஜனநாயகத்துக்கான கிரேக்கச் சொல்லின் முதல் பாதியானது.

அதே பலகைகளில் 'பாசிலியஸ்' என்ற சொல்லின் பழைய வடிவமும் வருகிறது. பிற்காலக் கிரேக்கத்தில் அதற்கு ராஜா என்று அர்த்தம். ஆனால் பைலோஸில் அவர் ராஜா இல்லை, பக்கத்தில்கூட வரமாட்டார். உள்ளூரில் ஒரு கொல்லர் குழுவுக்குப் பொறுப்பாளர், ஏறக்குறைய ஒரு மேஸ்திரி. அரண்மனை எரிந்த பிறகு வானாக்ஸ் என்ற சொல் காவியத்துக்கும் தெய்வங்களுக்குமான சொல்லாக ஒதுங்கிவிட்டது. மேஸ்திரி தலைவரானார். மாடி எரிந்து விழுந்தது, தரைத்தளத்தில் இருந்த ஊரும் ஊர்ப் பெரியவரும் மிஞ்சினார்கள். என்னைப் பொறுத்தவரை இந்த இரண்டு சொற்களின் பயணம் பல தொல்லியல் அறிக்கைகளைவிட அதிகம் சொல்கிறது.

அடுத்த இரண்டு நூற்றாண்டு எப்படி இருந்தது என்பதற்கு யூபியா தீவில் லெஃப்கண்டி. இங்கே 1980-களின் தொடக்கத்தில் கிடைத்ததைப் பார்த்து ஆய்வாளர்கள் நிஜமாகவே ஆடிப்போனார்கள். கி.மு. 950-ஐ ஒட்டிய ஒரு கட்டடம், நீளம் கிட்டத்தட்ட 50 மீட்டர். ஏழைக் காலம், குடிசைக் காலம் என்று எழுதி வைத்திருந்த காலத்தில்! அதன் நடுவே இரண்டு குழிகள். ஒன்றில் நான்கு குதிரைகள். இன்னொன்றில் ஓர் ஆணின் சாம்பல், ஒரு பழைய சைப்ரஸ் வெண்கலக் குடத்தில், துணி சுற்றி வைக்கப்பட்டிருந்தது. துணிகூட மட்கவில்லை. பக்கத்தில் ஒரு பெண், எரிக்காமல் புதைத்தது, உடம்பெல்லாம் தங்கம். கழுத்தில் இருந்த பதக்கம் அவள் காலத்துக்கே பல நூற்றாண்டு பழையது, கிழக்கிலிருந்து வந்தது. தலைக்குப் பக்கத்தில் தந்தப் பிடி போட்ட ஓர் இரும்புக் கத்தி. அவள் தானாகச் செத்தாளா, அவனோடு அனுப்பி வைக்கப்பட்டாளா என்ற கேள்வி அந்தக் கத்தியைப் பார்க்கிற எல்லாருக்கும் வரும். எனக்கும் வந்தது.

அதைவிட விசித்திரம், கட்டிய கொஞ்ச காலத்திலேயே அந்தக் கட்டடத்தை இடித்து, மண்ணைக் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். அடுத்த நூறு வருஷத்துக்கு மேல் வசதியான குடும்பங்கள் தங்கள் பிணங்களை அந்த மேட்டுக்குப் பக்கத்திலேயே புதைத்தன. ஆக, இங்கே ஊரை ஒட்ட வைத்தது ஒரு மனுஷன். அவன் செத்ததும் அவன் வீடே நினைவுச்சின்னம். அவன் மகனுக்கு அந்த நாற்காலி போனதற்கு எந்த அடையாளமும் இல்லை. இப்படிப்பட்ட தலைமை எவ்வளவு நாள் தாங்கும்? லெஃப்கண்டி கி.மு. 700-ஐ ஒட்டி கைவிடப்பட்டது.

இதே காலத்தில்தான் நிறையப் பேர் ஏஜியன் கடலைத் தாண்டி இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் குடியேறினார்கள். அந்தப் பகுதிக்கு அயோனியா என்று பெயர். கிழக்கே இருந்தவர்களுக்கு முதலில் அறிமுகமான கிரேக்கர்கள் இவர்கள்தான், அதனால் மொத்தக் கிரேக்கரையும் அந்தப் பெயரிலேயே கூப்பிட்டார்கள். பாரசீகத்தில் 'யௌன', வடமொழியில் 'யவன', நம்ம சங்கப் பாடல்களில் யவனர். முசிறிக்குக் கப்பலில் வந்தவர்களின் பெயர், ஒரு சரிவுக்குப் பின்னால் ஊர் மாறிப் போன அகதிகளிடமிருந்தும் பிழைக்கப் போனவர்களிடமிருந்தும் வந்த பெயர்.

இரும்பைப் பற்றி நிறையப் பேசலாம், சுருக்கமா முடிச்சுக்கறேன். இரும்புக் கல் கிரேக்கத்திலேயே பல இடங்களில் கிடைக்கும், தகரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆரம்பத்தில் அது வெண்கலத்தைவிடச் சிறந்ததாக எல்லாம் இல்லை. கிடைத்தது, அவ்வளவுதான்.

கி.மு. எட்டாம் நூற்றாண்டில் ஏதோ நடக்கிறது. ஏதென்ஸைச் சுற்றிய அட்டிகா பகுதியில் கல்லறைகளின் எண்ணிக்கை திடீரென்று ஏறுகிறது. ஆன்டனி ஸ்னாட்கிராஸ் என்ற தொல்லியலாளர் அதை வைத்து, கி.மு. 780-லிருந்து 720-க்குள் மக்கள்தொகை ஏழு மடங்கு ஆனது என்று கணக்குப் போட்டார். அறுபது வருஷத்தில் ஏழு மடங்கு! 1987-இல் இயன் மாரிஸ் அதே கல்லறைகளை வேறு மாதிரி படித்தார். செத்தவர்கள் கூடவில்லை, முறையாகப் புதைக்கப்பட்டவர்கள்தான் கூடினார்கள் என்றார். அதற்கு முன்னால் பெரிய வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான் அடையாளம் தெரிகிற கல்லறை. மற்றவர்களும் குழந்தைகளும் எங்கே போனார்கள் என்றே தடயம் இல்லை. எட்டாம் நூற்றாண்டில் அவர்களுக்கும் இடம் கிடைத்தது.

மக்கள்தொகையும் ஓரளவு கூடத்தான் செய்தது, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எனக்கு மாரிஸ் கேட்ட கேள்வி பிடிக்கும். ஊர் என்பது எத்தனை பேர் என்பதைவிட, யாரை எல்லாம் ஊராராகச் சேர்ப்பது என்ற தகராறு. சுடுகாட்டில் யாருக்கு இடம் என்ற கேள்வி எவ்வளவு அரசியலானதுன்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இன்னொரு மாற்றமும் கூடவே நடந்தது. அதுவரை தங்கமும் வெண்கலமும் குடும்பக் கல்லறைக்குள் போயின. இப்போது அவை கோயில்களுக்குப் போக ஆரம்பித்தன. ஒலிம்பியாவில் ஆளுயர வெண்கல முக்காலிகள் குவிந்தன. எரேட்ரியா, சாமோஸ் மாதிரி இடங்களில் நூறு அடி நீளத்துக்குக் கோயில் எழுந்தது. லெஃப்கண்டி கட்டடம் மாதிரியே நீளமான வீடு, ஆனால் இப்போ உள்ளே குடியிருப்பது தலைவர் இல்லை, தெய்வம். தெய்வம் சாகாது, வாரிசுச் சண்டை வராது. பணக்காரன் தன் பெருமையைக் காட்டணும்னா எல்லாரும் பார்க்கிற இடத்தில், ஊர்ப் பொதுவுக்குக் கொடுத்துத்தான் காட்டணும். பக்தியோடு சேர்த்து இது ஒரு நல்ல ஏற்பாடு.

எழுத்தும் திரும்பி வந்தது. இந்த முறை அரண்மனை வழியாக இல்லை, வியாபாரிகள் வழியாக. கி.மு. 800-ஐ ஒட்டி ஃபினீசியர்களின் எழுத்தைக் கிரேக்கர்கள் வாங்கினார்கள். தங்களுக்குத் தேவைப்படாத மெய்யெழுத்துக் குறிகளை உயிரெழுத்தாக மாற்றிக்கொண்டார்கள். முதலில் என்ன எழுதினார்கள் தெரியுமா? வரிக்கணக்கு இல்லை. ஏதென்ஸில் ஒரு ஜாடியில், யார் நன்றாக ஆடுகிறாரோ அவருக்கு இது பரிசு என்ற தோரணையில் ஒரு கீறல். இத்தாலிக்குப் பக்கத்துத் தீவான பித்தேகூசையில் ஒரு மண் கோப்பையில், குடிக்கிறவனைச் சீண்டும் மூன்று வரி. அந்த வரியில் நெஸ்டரின் கோப்பை வருகிறது. நெஸ்டர் யார்? காவியக் கதைகளில் பைலோஸின் கிழ ராஜா! அரண்மனை எரிந்து நானூற்றைம்பது வருஷம் கழித்து, அங்கிருந்து அவ்வளவு தூரத்தில், ஒரு விருந்தில் குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ராஜா ஒரு ஜோக். லீனியர் பி-யில் ஒரு ஜோக் எழுதியிருப்பார்களா என்றால், கிடைத்த ஆயிரக்கணக்கான பலகைகளில் ஒன்றுகூட இல்லை.

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனா நிறுத்த முடியாது, ஏன்னா அந்த 750 பெண்கள் இருக்காங்க. அரண்மனை விழுந்தது அவங்களுக்கு விடுதலையா? கதவு திறந்திருக்கலாம். கூடவே கோதுமை, அத்திப்பழப் படியும் நின்றிருக்கும். குழந்தையோடு, ஊர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்க, எரியும் கட்டடத்திலிருந்து வெளியே வந்தவளுக்கு அடுத்த வேளைச் சாப்பாடு எங்கே? அவர்களைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வரியும் இல்லை. கி.மு. 700-ஐ ஒட்டி பியோஷியாவில் விவசாயம் செய்த கவிஞர் ஹீசியட், தன் ஊர் பாசிலியஸ்கள் லஞ்சம் வாங்கித் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்று பெயர் சொல்லாமல் வெளுத்து வாங்குகிறார். பாசிலியஸ்கள், பன்மை. ஒரு சாமானியன் அதிகாரத்தில் இருப்பவர்களைப் பாட்டில் திட்ட முடிகிற அளவுக்கு ஊர் மாறிவிட்டது. அதே ஹீசியட்தான், பண்ணை வைக்கும் முன் ஒரு வீடும், ஓர் உழவு மாடும், விலைக்கு வாங்கிய ஒரு பெண்ணும் தேவை என்று யோசனை சொல்கிறார். புதிய ஊரில் டெமோஸ் பேசியது. அந்தப் பெண் அந்த டெமோஸில் இல்லை. 'கிரேக்க அதிசயம்' என்று எழுதுகிற பல புத்தகங்கள் இந்த இரண்டாவது வரியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன, அது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

கடைசியா ஒரு கல்வெட்டு. திரும்பவும் கிரீட்டின் கிழக்கே, கார்ஃபி இருந்த அதே பக்கம், ட்ரெரோஸ் என்ற சின்ன ஊர். காலம் கி.மு. 650-ஐ ஒட்டி. அப்போலோ கோயில் சுவரில் செதுக்கிய ஒரு சட்டம், 1930-களில் கிடைத்தது. கிரேக்கத்தில் கல்லில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய சட்டங்களில் ஒன்று. முதல் சட்டம் என்றால் கொலை, திருட்டு, சொத்து என்று எதிர்பார்ப்போம். இது வேற. அந்த ஊரின் தலைமைப் பதவிக்கு 'கொஸ்மோஸ்' என்று பெயர். ஒருமுறை கொஸ்மோஸாக இருந்தவர் அடுத்த பத்து வருஷத்துக்குத் திரும்பவும் அந்தப் பதவிக்கு வரக்கூடாது. மீறி வந்து தீர்ப்புச் சொன்னால், சொன்ன அபராதம் எவ்வளவோ அதில் இரண்டு மடங்கு அவரே கட்டணும். சாகும்வரை பதவி உரிமை கிடையாது. அந்தக் காலத்தில் அவர் செய்தது எதுவும் செல்லாது.

யாரோ ஒருத்தர் இறங்க மாட்டேன்னு உட்கார்ந்திருக்கணும், இல்லைன்னா இவ்வளவு விவரமா எழுதத் தோணியிருக்காது. சட்டத்தைப் போட்டது எந்த ராஜாவும் இல்லை. போலிஸ், அதாவது நகரம், இப்படி முடிவு செய்திருக்கிறது என்றுதான் ஆரம்பிக்கிறது. பதவியில் இருக்கும் கொஸ்மோஸும் இன்னும் சில அதிகாரிகளும் சத்தியம் செய்ய வேண்டும் என்று முடிகிறது. அந்தக் கோயில், ஊரார் கூடுகிற திறந்தவெளிக்குப் பக்கத்திலேயே இருந்தது.